ஐயரா, பாஸ்டரா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தாம்பரத்தில் பீச் ரயில் ஏறிப் பாருங்கள். ஆபீஸ் கூட்டம் இருக்காது. அதற்காகக் காலியாகவும் இருக்காது. ஜிப் வைத்த கறுப்பு உறைக்குள் தடிமனான புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். பட்டுப்புடவை, நெக்லஸ், ஒரு முழம் மல்லிகையோடு ஒரு குடும்பம். எதிர் சீட்டில் வெள்ளைப் புடவை, வெள்ளைச் சட்டை, காதிலும் கழுத்திலும் பொட்டுத் தங்கம் இல்லாமல் இன்னொரு குடும்பம். கதவோரம், முதுகில் கிடாரும் பனியனில் வசனமுமாக நாலு பையன்கள். மூன்று கோஷ்டிக்கும் புத்தகம் ஒன்றுதான். இறங்குகிற ஸ்டேஷன்தான் வேறு வேறு.

இந்த வித்தியாசம் நம் ஆபீஸ்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. "என்ன சார், இந்த வருஷம் வேளாங்கண்ணிக்குப் போகலியா?" என்று நாசரேத்துக்காரரிடம் கேட்பார்கள். அவர் வீட்டில் முப்பாட்டன் காலத்திலிருந்தே யாரும் மாதா கோயிலுக்குப் போனதில்லை. அதை விளக்கப் புறப்பட்டால் மார்ட்டின் லூதரில் ஆரம்பிக்க வேண்டும், டீ ஆறிவிடும். "அடுத்த வருஷம் பார்க்கணும் சார்" என்று சொல்லிவிட்டு அவர் ஃபைலைப் பிரித்துக்கொள்வார்.

கத்தோலிக்கரை இன்றைக்கு விட்டுவிடுவோம். அவர்களுக்கு ரோமில் ஒரே தலைவர், ஒரே சட்டம். ஊர் மாறிப் போனால் பக்கத்துப் பங்கில் பேர் கொடுத்தால் போதும். தலைவலி மற்றவர்களுக்குத்தான்.

மற்றவர்களைச் சௌகரியத்துக்காக இரண்டாகப் பிரிக்கிறேன். முதல் வகை, மிஷன் காலத்துச் சபைகள். சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன், மெதடிஸ்ட் இத்யாதி. சி.எஸ்.ஐ.யையே எடுத்துக்கொண்டால் மேலே பேராயர், நடுவே கமிட்டிகள், கீழே சேகரம், சேகரத்துக்கு ஒரு குருவானவர். திருநெல்வேலிப் பக்கம் அந்தக் குருவானவரை 'ஐயர்' என்பார்கள். பூணூல் சமாசாரம் இல்லை, பழைய மரியாதை. "எங்க ஐயர் நேத்து கறிக்கடையில நின்னாரு" என்று ஒரு திசையன்விளைக்காரர் யதார்த்தமாகச் சொல்ல, பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த மயிலாப்பூர் நண்பருக்குப் புரையேறியதை நேரில் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது வகை, எந்த மிஷனையும் சேராத தனிச் சபைகள். ஹார்டுவேர் கடை மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டில், ஞாயிறு காலை மட்டும் வாடகைக்கு எடுத்த கல்யாண மண்டபத்தில் நடக்கும். வளர்ந்துவிட்டால் ஏ.சி. ஹால், கார் பார்க்கிங், மேடையில் டிரம்ஸ். பெந்தெகொஸ்தே என்றாலே தனிச் சபை என்று நினைத்துவிடாதீர்கள். அசெம்பிளீஸ் ஆஃப் காட், பெந்தெகொஸ்தே மிஷன் போன்றவற்றுக்கும் தலைமை ஆபீஸ் உண்டு, ரூல்ஸ் உண்டு. நான் சொல்வது, பாஸ்டருக்கு மேலே நேராக ஆண்டவர், நடுவில் ஒருத்தரும் கிடையாது என்கிற வகை. அதன் அழகும் ஆபத்தும் அந்த 'நடுவில் ஒருத்தரும் கிடையாது'வில்தான் இருக்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம் எங்கள் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் இருக்கும் ஒரு தம்பி. சொந்த ஊர் நாசரேத்துக்குப் பக்கம். போன மாசம் லஞ்ச் டைமில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, பொண்ணு வீட்டுல முழுக்கு எடுக்கச் சொல்லுதாவ."

"நீதான் சின்னப் புள்ளையிலேயே எடுத்தாச்சே?"

"அது தெளிப்பாம். கணக்குல வராதாம்."

புரியாதவர்களுக்கு: சி.எஸ்.ஐ.யில் கைக்குழந்தைக்கே தலையில் தண்ணீர் விட்டு ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். பெரியவனானதும் பேராயர் வந்து தலையில் கை வைத்துத் திடப்படுத்தல். தனிச் சபைகளில் பெரும்பாலானவை இதை ஒப்புக்கொள்வதில்லை. விவரம் தெரிந்த வயதில், தானாகவே விசுவாசித்து, தண்ணீரில் முழுசாக முங்கி எழுந்தால்தான் ஞானஸ்நானம். கடல், கிணறு, சிமெண்ட் தொட்டி எதுவானாலும் சரி. முழுகவேண்டும், அவ்வளவுதான். இந்தப் பக்கமோ, ஞானஸ்நானம் என்பது ஆயுசுக்கு ஒரு தடவை. இரண்டாவது தடவை எடுத்தால் முதல் தடவையைப் பொய் என்று சொன்ன மாதிரி. சபை அங்கத்தினர் என்கிற உரிமை போய்விடும். கெடுபிடி ஊருக்கு ஊர் மாறும், சட்டம் அதுதான்.

"அம்மா என்ன சொல்றாங்க?"

"அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேக்காவ அண்ணாச்சி. 'நீ பேரை வெட்டிட்டுப் போயிட்டேன்னா, நாளைக்கு என்னைய அப்பா பக்கத்துல வைக்கதுக்கு ஐயர்ட்ட யாருல போயி நிப்பா?'"

அப்பா ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். அம்மாவுக்கு வேத சாஸ்திரம் பிரச்னையில்லை. இடம்தான் பிரச்னை. இரண்டு வேதாகமக் கல்லூரிப் பேராசிரியர்களை எதிரெதிரே உட்கார்த்தி மூன்று நாள் விவாதிக்க விட்டாலும் இந்தக் கேள்விக்குப் பதில் வராது.

சரி, சென்னையில் இத்தனை சி.எஸ்.ஐ. கோயில் இருக்க, இவன் எப்படிச் சபைப் பக்கம் போனான்? கேட்டேன். வேலை கிடைத்து வந்த புதிதில் ஒரு பெரிய கோயிலில்தான் பேர் கொடுத்திருக்கிறான். உயரமான தூண், பைப் ஆர்கன், வெள்ளைக்காரத் துரைகளின் சலவைக்கல் பட்டயம். இரண்டு வருஷம் விடாமல் போயிருக்கிறான். ஒருத்தராவது பெயர் கேட்டாரா என்றால், கேட்கவில்லை. காணிக்கைக் கவர் மட்டும் நம்பர் போட்டு ஒழுங்காக வந்தது. பிறகு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் பத்து நாள். கோயிலிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அவன் வராததே அவர்களுக்குத் தெரியாது. அறை நண்பன் போகிற சின்னச் சபையிலிருந்து மறுநாளே மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் தினமும் காலையில் பைக்கில் தூக்குவாளியில் கஞ்சி கொண்டு வந்தார்.

"அந்தக் கஞ்சிக்காரரு பொண்ணுதான் அண்ணாச்சி" என்றான்.

இது புதுத் தகராறு என்று நினைத்துத்தான் தம்பி நொந்துபோயிருந்தான். அவன் மாவட்டத்தில் இதற்கு வயசு 190.

ரேனியஸ் என்று ஒரு ஜெர்மன்காரர் 1820ல் பாளையங்கோட்டைக்கு வந்தார். ஆசாமி லுத்தரன். சம்பளம் கொடுத்ததோ இங்கிலாந்துச் சபையின் சி.எம்.எஸ். மிஷன். தமிழ் கற்று, இலக்கணம் எழுதி, ஊர் ஊராகச் சபைகளை நிறுவினார். பிறகு ஒரு புத்தகத்துக்கு மதிப்புரை எழுதினார். பேராயர் கை வைத்தால்தான் ஒருவன் குருவானவனா, இங்கிலாந்துச் சபையின் முறைகள் எல்லாம் வேதத்தில் இருக்கிறதா என்கிற ரீதியில். 1835ல் வேலை போயிற்று. (மதிப்புரை எழுதி வம்பில் மாட்டுவது நம் ஊரில் பழைய வழக்கம்.) ஜனங்களில் கணிசமான பேர் மிஷனைப் பார்க்கவில்லை, மனுஷனைத்தான் பார்த்தார்கள், அவர் பின்னாலேயே போனார்கள். திருநெல்வேலிச் சபை இரண்டாகப் பிரிந்தது. 1838ல் ரேனியஸ் இறந்துபோனார். அதற்குப் பிறகு அவர் கூடப் போனவர்கள் மெல்லப் பழைய மிஷனுக்கே திரும்பிவிட்டார்கள். இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ரேனியஸிடம் படித்த அருளப்பன் என்பவர் 1840ல் வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டை என்று ஒரு ஊரையே உண்டாக்கினார். எந்த மிஷனுக்கும் சம்பளக்காரர் இல்லை. 1860ல் அங்கே ஓர் எழுப்புதல். ஜனங்கள் அந்நிய பாஷை பேசினார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள், அழுதார்கள். பெந்தெகொஸ்தே இயக்கத்தின் ஆரம்பம் என்று எல்லாரும் சொல்வது 1906ல் லாஸ் ஏஞ்சலிஸ், அசூசா தெருவை. அதற்கு 46 வருஷம் முன்னாலேயே நம்ம வத்திராயிருப்பு! இதை யாரும் பெரிசாகச் சொல்லிக்கொள்வதில்லை.

இன்னும் பக்கத்தில், தம்பியின் ஊரிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் பிரகாசபுரம். அங்கே சட்டாம்பிள்ளை என்கிற அருமைநாயகம் 1857ல் வெள்ளைக்கார மிஷனரியோடு மோதிக்கொண்டு வெளியே வந்தார். அந்நியப் பணம் வேண்டாம், அந்நிய குரு வேண்டாம், நாமே நடத்துவோம் என்று தனிச் சபை கண்டார். பெயரிலேயே 'இந்து' என்ற சொல்லை வைத்தார். ஓய்வுநாளைச் சனிக்கிழமைக்கு மாற்றினார். இன்றைக்கு யூடியூபில் எழும்பும் பாஸ்டர்களுக்கெல்லாம் அவர் பெரியப்பா முறை.

இப்படிப் பிரிந்தவர்களைத்தான் சொல்கிறோம்; சேர்ந்த கதையும் இருக்கிறது. ஆங்கிலிக்கன் ஒரு பக்கம், மெதடிஸ்ட் ஒரு பக்கம், பிரஸ்பிட்டேரியனும் காங்கிரிகேஷனலும் ஒரு பக்கம் என்று இருந்தது நம் ஊருக்கு எதற்கு, இங்கிலாந்துச் சண்டையை நாம் ஏன் சுமக்கவேண்டும் என்று 1919ல் தரங்கம்பாடியில் கூடிப் பேசினார்கள். பேசினார்கள், பேசினார்கள், 28 வருஷம் பேசினார்கள். முன்னின்று பேசியவர்களில் ஒருவர் அசரியா, வெள்ளாளன்விளைக்காரர், 1912ல் ஆங்கிலிக்கன் பேராயரான முதல் இந்தியர். அவர் 1945ல் இறந்துவிட்டார். 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை புனித ஜார்ஜ் கதீட்ரலில் சி.எஸ்.ஐ. பிறந்தது. சுதந்திரம் வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. லுத்தரன்கள் சேரவில்லை, அது தனிக் கதை.

ஆக, "அது டினாமினேஷன் சர்ச் பிரதர், நமக்கு வேண்டாம்" என்று இன்றைக்கு எந்தச் சபையைத் தள்ளுகிறார்களோ, அந்தச் சபையே 'டினாமினேஷன் வேண்டாம்' என்று சொல்லித்தான் ஆரம்பித்தது. எதிர்த் திசையில் பாருங்கள். எந்த மிஷனும் வேண்டாம் என்று மாடி ரூமில் ஆரம்பித்த சபைக்கு முப்பது வருஷத்தில் பதினெட்டுக் கிளை, ஒரு தலைமை ஆபீஸ், ஒரே மாதிரி பேனர், ஒரே பாட்டுப் புத்தகம், 'நம்ம சபை ஆளுங்க' என்று ஒரு பாஷை. போர்டில் மட்டும் 'எப்பிரிவையும் சாராதது' என்று இருக்கும்.

அதனால் தம்பியிடம் உபதேசத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. முழுக்கா தெளிப்பா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆபீஸில் குப்பை கொட்டுகிறவன். ஆபீஸ்காரன் கேட்கிற மாதிரி இரண்டு கேள்விதான் கேட்கச் சொன்னேன்.

முதல் கேள்வி, பாஸ்டர் தப்புப் பண்ணினால் யாரிடம் சொல்வீர்கள்?

சி.எஸ்.ஐ. என்பது கிட்டத்தட்ட பாங்க் உத்தியோகம் மாதிரி. ஐயர் வருவார், சில வருஷத்தில் டிரான்ஸ்ஃபர் ஆகிப் போவார். ஓய்வு வயது உண்டு. கோயில் கட்டடம் அவர் பெயரில் கிடையாது; சபைச் சொத்தை வைத்திருப்பதற்கென்றே 1947ல் கம்பெனிச் சட்டப்படி பதிவு செய்த டிரஸ்ட் அசோசியேஷன் இருக்கிறது. பிரசங்கம் பிடிக்கவில்லையா, பேராயருக்கு மொட்டைக் கடிதம் போடலாம். (போடுவார்கள். அது ஒரு தனி இலக்கியம்.) கமிட்டியில் கணக்குக் கேட்கலாம், மைக்கைப் பிடுங்கலாம், கோர்ட்டுக்குப் போகலாம்.

போகிறார்கள், அதுதான் கஷ்டம். திருமண்டலத் தேர்தல் வந்தால் ஊரில் போய்ப் பாருங்கள். இரண்டு அணி, நோட்டீஸ், வேன், பிரியாணி. பள்ளிக்கூடம், காலேஜ், ஆஸ்பத்திரி எல்லாம் திருமண்டலத்தின் கையில். வாத்தியார் வேலையை யார் போடுவது என்பதுதான் நிஜமான சின்னம். வழக்கு முற்றி, ஓய்வு பெற்ற நீதிபதியை நிர்வாகியாகக் கோர்ட் போட்ட சம்பவமும் நடந்திருக்கிறது. ஆண்டவருடைய சபையை ஐகோர்ட் நடத்துகிறதா என்று தனிச் சபைக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். குறைந்தபட்சம் தூக்கிக்கொண்டு போக ஒரு கோர்ட் இருக்கிறது, காட்ட ஒரு ரூல் புத்தகம் இருக்கிறது.

தனிச் சபை சொந்தக் கடை. முதலாளி நல்லவராக இருந்தால் சொந்தக் கடை மாதிரி சுகம் கிடையாது. ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் பண்ணினாலும் எடுப்பார். ஃபாரம், சீல், சேகரக் கமிட்டி தீர்மானம் எதுவும் வேண்டாம். ஆனால் கணக்கு? வருமானத்தில் தசமபாகம் கேட்பார்கள். பத்தில் ஒன்று என்றால் ஐம்பதாயிரம் சம்பளக்காரனுக்கு மாசம் ஐயாயிரம். வீட்டு லோனுக்குச் சமமாக ஒரு தொகை. அது எங்கே போகிறது என்று கேட்டால் பல இடங்களில் முகம் மாறும். டிரஸ்டிகள் யார் என்று பார்த்தால் பாஸ்டர், பாஸ்டரம்மா, மச்சினர். வருஷா வருஷம் ஆடிட் பண்ணி, கணக்கைச் சுவரில் ஒட்டும் தனிச் சபைகளும் இருக்கின்றன, நான் பார்த்திருக்கிறேன். எது எந்த வகை என்று உள்ளே போய்க் கேட்டால்தான் தெரியும். கேட்டவனைப் 'பின்மாற்றக்காரன்' என்று சொன்னால், அதுதான் பதில்.

பாஸ்டருக்கு அப்புறம் யார் என்பதும் இதே கேள்வியின் வால். பெரும்பாலும் மகன். மகனுக்கு அப்பாவின் குரல் வந்திருக்கும், அழைப்பு வந்திருக்கிறதா என்பது வேறு. ரேனியஸ் போனபின் என்ன ஆயிற்று என்று ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அது இதற்குத்தான்.

இரண்டாவது கேள்வி, மூன்று வாரம் வராவிட்டால் யார் தேடி வருவார்கள்?

இந்த இடத்தில் பெரிய கோயில்கள் ஃபெயில். நகரத்துக் கோயில்களைச் சொல்கிறேன். கிராமத்தில் அப்படியில்லை, கோயில்பிள்ளை மணி அடிக்கும்போதே யார் வீட்டுக் கதவு திறக்கவில்லை என்று பார்த்துக்கொள்வார். அசனம் அன்றைக்கு ஊரே ஒரே பந்தியில் உட்காரும். அறுப்பின் பண்டிகையில் ஒரு எலுமிச்சம்பழத்தை ஆயிரம் ரூபாய்க்கு ஏலம் எடுத்துவிட்டு, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்ளும் மனுஷனை எல்லாருக்கும் பெயர் சொல்லித் தெரியும். அதே கிராமத்துப் பையன் சென்னைக்கு வந்தால் காணிக்கைக் கவர் நம்பராகிவிடுகிறான். மேன்ஷனில் தனியாகக் கிடக்கும் இருபத்திநாலு வயசுக்காரனுக்கு, "என்ன தம்பி, போன வாரம் காணோம்?" என்று ஒருத்தர் கேட்பது எத்தனை பெரிய விஷயம் என்று, குடும்பம் குட்டியோடு முன் பெஞ்சில் உட்காருகிற கமிட்டி மெம்பருக்குத் தெரியாது. பையன்கள் டிரம்ஸுக்காகப் போகிறார்கள் என்று இவர்கள் குற்றம் சொல்கிறார்கள். டிரம்ஸுக்காக ஒரு வாரம் போவான். கஞ்சிக்காகத்தான் ஏழு வருஷம் போவான்.

2020 ஊரடங்கில் இது பளிச்சென்று தெரிந்தது. கோயில்கள் பூட்டிக் கிடந்தன. பெரிய கோயில்கள் நேரலையில் கச்சிதமாக ஆராதனை காட்டின. என் வீட்டுக்குப் பக்கத்து மாடிச் சபைக்கு நேரலையும் இல்லை, வாடகை கொடுக்கப் பணமும் இல்லை. ஆனால் அந்தப் பாஸ்டர் ஸ்கூட்டியில் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்; சபையைச் சேராத வீட்டுக்கும் போனார். அந்த வருஷக் கடைசியில் ஹாலைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சபை கலைந்தது. கூரையும் பத்திரமும் இல்லாத நல்ல மனசுக்கு அந்தத் தொல்லை உண்டு.

ஜாதியைப் பற்றி ஒரு வார்த்தை. 1833லேயே கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி கூடாது, உடனே விட்டுவிடவேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். சுற்றறிக்கைக்கு என்ன மரியாதை என்று ஆபீஸ்காரர்களான உங்களுக்கு நான் சொல்லவேண்டாம். திருமண்டலத் தேர்தல் அணிகளைக் கீறிப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கும் என்பது ஊரறிந்த ரகசியம். தனிச் சபைகளில் பக்கத்தில் உட்காருகிறவன் யார், எவர் என்று கேட்பதில்லை. பலர் அந்த ஒரு நிம்மதிக்காகவே அங்கே போகிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே சபை நோட்டீஸ் போர்டில் வரன் தேடும் சீட்டைப் படியுங்கள். 'இரட்சிக்கப்பட்ட, முழுக்கு ஞானஸ்நானம் பெற்ற, ஜெபிக்கிற மணமகன் தேவை'. கடைசியில் சின்ன எழுத்தில், 'அதே சமூகம் விரும்பத்தக்கது'.

கல்யாணம் என்று வந்துவிட்டதால் சட்டத்தையும் பார்த்துவிட வேண்டும். இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், 1872. பேராயரால் அபிஷேகம் பெற்ற குருவானவர் தம் சபை முறைப்படி கல்யாணம் நடத்தலாம். தனிச் சபைப் பாஸ்டர் நடத்தவேண்டுமானால் அரசாங்க லைசென்ஸ் வைத்திருக்கவேண்டும். இல்லையென்றால் திருமணப் பதிவாளரிடம் போகவேண்டும். அதிகாரம் இல்லாமல் நடத்தி வைத்தவருக்குப் பத்து வருஷம் வரை சிறைத்தண்டனை என்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது. காலை ஆறிலிருந்து மாலை ஏழுக்குள் முடிக்கவேண்டும் என்றும் இருக்கிறது. பாஸ்போர்ட் ஆபீஸில் மனைவி பெயரைச் சேர்க்கப் போகிற அன்றைக்குத்தான் பலருக்கு இதன் அருமை தெரிகிறது. லைசென்ஸ் உள்ள பாஸ்டர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கேட்பதில் வெட்கம் என்ன? ஆட்டோக்காரரிடம்கூட லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்க்கிறோம்.

தம்பி இரண்டு கேள்வியையும் எழுதிக்கொண்டு போனான். கஞ்சிக்காரரிடமே நேராகக் கேட்டுவிட்டான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சபைக் கணக்கு எழுதுவதே அவர்தானாம், நோட்டைக் காட்டினார். பாஸ்டருக்கு லைசென்ஸ் இல்லை என்பதையும் அவரே சொல்லிவிட்டார். "கல்யாணத்தை உங்க ஊர்க் கோயில்லயே வச்சிக்கிடுவோம் தம்பி, முழுக்கைப் பத்தி நான் ஜெபிக்கிறேன், நீங்களும் ஜெபிங்க" என்று பேச்சை அங்கே நிறுத்தினார். அம்மா முகத்தில் பாதி வெளிச்சம் வந்தது.

ஊர் ஐயரிடம் போனார்கள். மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கவேண்டும், சம்மதம். தம்பியின் சங்கக் காணிக்கையில் நாலு வருஷப் பாக்கி, கட்டினான். பெண்ணின் ஞானஸ்நான சர்ட்டிபிகேட்டைக் கொடுத்தார்கள். முட்டுக்காடு பக்கம் கடலில் முழுகியதற்குச் சபை லெட்டர்ஹெட்டில் பாஸ்டர் கையெழுத்து. ஐயர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். "நல்லது. திடப்படுத்தல் சர்ட்டிபிகேட்?"

அது அவர்கள் சபையில் கிடையாது. பேராயரே இல்லாத இடத்தில் யார் தலையில் யார் கை வைப்பது?

இப்போது நிலவரம் இதுதான். பெண் ஊருக்குப் போய்த் திடப்படுத்தல் வகுப்பில் உட்காரவேண்டும். இருபத்தாறு வயசில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு, விசுவாசப் பிரமாணம் மனப்பாடம். அவள் சரி என்றுவிட்டாள். சரி சொன்ன கையோடு தம்பியிடம், "நான் உங்க பேராயர்கிட்ட தலையைக் குனியறேன், நீங்க எங்க கடல்ல குனிய மாட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை. நாசரேத்துக்கு இரண்டு டிக்கெட் போட்டிருக்கிறான், ஒன்று வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறது.